நாற்பத்து நாலு சைஸ்

பிப்ரவரி 6

அன்புள்ள அம்மாவுக்கு,

அப்பாவின் நீலச் சட்டையில் தோள் தையல் தோளில் நிற்கவில்லை. இரண்டு விரல் அகலம் கைப்பக்கமாக இறங்கித் தொங்குகிறது. நேற்றுக் காலை வாசலில் குனிந்து செருப்பு மாட்டும்போது பார்த்தேன். கடைக்கு வந்த யாராவது அப்படி நின்றிருந்தால் ஒன்றும் பேசாமல் ஒரு சைஸ் சின்னதை எடுத்து நீட்டியிருப்பேன். அப்பாவுடையது பழைய சட்டை. துவைத்துத் துவைத்துத் துணி இளகிவிட்டது போல.

பார்த்தாயா, உன்னை எப்படி இருக்கிறாய் என்று கேட்பதற்கு முன்னால் சட்டையைப் பற்றி எழுதிவிட்டேன். கடை புத்தி. நீ எப்படி இருக்கிறாய்? அந்த வெளிநாட்டு வீட்டில் நீ பார்த்துக்கொள்ளும் பெரியம்மா இப்போதாவது உன்னைத் தூங்க விடுகிறாரா?

வேலையைப் பற்றி எழுது எழுது என்று கேட்டிருந்தாய். எங்கள் கடை முழுக்க ஆண்களுக்கான ரெடிமேட் துணி. கீழே சட்டை, மாடியில் பேன்ட். என்னைக் கீழே போட்டிருக்கிறார்கள். என்னோடு ஒரு அக்கா நிற்பார். பதினோரு வருஷமாகச் சட்டை மட்டுமே விற்கிறார். அதனால் நான் மனசுக்குள் சட்டை அக்கா என்று பெயர் வைத்திருக்கிறேன். விற்கும் பெண்கள் யாரும் நாடா பிடித்து அளக்கக் கூடாது. அது கடையின் வழக்கம். நாடா பின்னறையில் இருக்கும் ஆல்டரேஷன் மாஸ்டர் கழுத்தில்தான் இருக்கும். நாங்கள் கண்ணால் பார்த்துத்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

முதல் வாரம் எனக்குக் கை கால் ஓடவில்லை. வருகிறவர்கள் முகத்தைப் பார்க்கவே கூச்சம். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தோளையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்படிப் பார்த்துப் பார்த்து, இப்போது ஒருவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும்போதே முப்பத்தெட்டா நாற்பத்திரண்டா என்று தெரிந்துவிடுகிறது. நான் பேசாமல் எடுத்து வைப்பேன். சரியாக இருக்கும். சட்டை அக்கா எனக்கு எக்ஸ்ரே என்று பெயர் வைத்துவிட்டார்.

"எக்ஸ்ரே, கண்ணு வேலை செய்யுது சரி. வாயை எங்க வச்சிட்டு வந்த? வீட்டு ஆணியில மாட்டிட்டு வந்தியா?" என்று நேற்று எல்லார் முன்னாலும் கேட்டார். அதற்கும் சிரித்துக்கொண்டுதான் நின்றேன்.

வெள்ளிக்கிழமை நீ போனில் கூப்பிடும்போது என் குரல் வராதது கோபத்தினால் இல்லை அம்மா. அப்பா அவ்வளவு சத்தமாகப் பேசி முடித்து ரிசீவரை நீட்டும்போது எனக்கு எல்லாமே மறந்துபோகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

உன் பாப்பா


பிப்ரவரி 24

என் கண்ணு பாப்பாவுக்கு,

உன் கடிதத்தைப் பெரியம்மாவைக் குளிப்பாட்டி முடித்துவிட்டு, கை ஈரம்கூடக் காயாமல் பிரித்தேன். இரண்டு இடத்தில் மை கலைந்துவிட்டது. திட்டாதே.

கணக்குப் பாடத்தில் தேறாத பிள்ளை, ஆள் நடந்து வரும்போதே அளவு சொல்கிறாள் என்றால் நான் யாரிடம் போய்ச் சொல்லிப் பெருமைப்படுவது? பெரியம்மாவிடம்தான் சொன்னேன். அவருக்கு நம் பேச்சு புரியாது. ஆனாலும் தலையை ஆட்டினார். நான் வந்தபோது எலும்பும் தோலுமாகக் கிடந்தவர். இப்போது திருப்பிப் படுக்க வைப்பதற்குள் எனக்கு இடுப்பு விட்டுப்போகிறது. அவ்வளவு தேறிவிட்டார். வீட்டம்மாவுக்கு அதில் ரொம்ப சந்தோஷம்.

அதனால் ஒரு விஷயம் வந்திருக்கிறது. மே மாதக் கடைசியில் என் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்லி வீட்டம்மா கேட்கிறார். இந்த முறை நடுவில் ஊருக்கு விட முடியாது என்பதையும் இப்போதே சொல்லிவிட்டார். உங்கப்பாவிடம் போனில் கேட்டேன். "இரு, இரு, இங்க என்ன குறை, நான்தான் கல்லு மாதிரி இருக்கேனே" என்கிறார். எனக்கு மனசு இரண்டாக நிற்கிறது. இருந்தால் உன்னை மறுபடி பரீட்சைக்கு உட்கார வைக்கலாம். நீ படிப்பை விட்டது எனக்கு இன்னும் ஆறவில்லை. நீ பேசாத பிள்ளை, எதற்காக விட்டாய் என்பதையும் சரியாகச் சொல்லவில்லை.

அப்பாவுக்கு அந்த நீலச் சட்டையைத் தூக்கிப் போடச் சொல். அது நான் புறப்படும்போது வாங்கியது. இந்த வீட்டு டிரைவரின் தம்பி அடுத்த மாதம் அந்தப் பக்கம் வருகிறார். அவரிடம் நல்ல சட்டையாக ஒன்று கொடுத்துவிடுகிறேன். என்ன அளவு என்று நீயே பார்த்து எழுது. எக்ஸ்ரே வீட்டில் இருக்கும்போது நான் ஏன் குத்துமதிப்பாக வாங்க வேண்டும்?

மனசு முழுக்க உன்னிடம் இருக்கும்
அம்மா


மார்ச் 12

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்தது. அப்பாவுக்கும் படித்துக் காட்டினேன்.

நீலச் சட்டை துணி இளகினதுதான். அப்பாவும் அதையே சொன்னார். அளவு பழையபடி நாற்பத்து நாலு. அதையே வாங்கு.

இங்கே எல்லாம் வழக்கம்போல. கடையில் இப்போது கூட்டம். நேற்று ஒரு பெண் வந்தார். வெளியூரில் இருக்கும் கணவருக்குச் சட்டை வேண்டுமாம். "என்ன அளவும்மா?" என்று சட்டை அக்கா கேட்டார். அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. கடை முழுக்கச் சுற்றிப் பார்த்தார். இப்படி வருகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். அங்கே நிற்கும் யாரையாவது காட்டி, இவர் மாதிரி இருப்பார் என்பார்கள். அந்தப் பெண் வாசலில் நிற்கும் காவல்காரரைக் காட்டினார்.

"அவரை மாதிரியா? சரியாப் பாத்துச் சொல்லும்மா, வாங்கிட்டுப் போய் அப்புறம் மாத்தித் தரமாட்டோம்."

"அவரை மாதிரிதான். ஆனா தொப்பை கம்மி."

காவல்காரர், "என் தொப்பையைப் பத்தி வீட்லகூட யாரும் பேசுனதில்ல" என்று சொல்லிக்கொண்டே சட்டையைப் போட்டு நின்றார். அந்தப் பெண் அவரைத் திரும்பி நிற்கச் சொல்லி முதுகைப் பார்த்தார். பிறகு போதும் என்று சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் அந்தச் சட்டையை மடித்துக் கொடுத்தேன்.

படிப்பைப் பற்றி இப்போது எழுதாதே அம்மா. எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது.

கீழே அப்பா ஒரு வரி எழுத வேண்டுமாம்.

உன் பாப்பா

(அவளே எல்லாம் எழுதிட்டா. எனக்கு ஒரு குறையும் இல்ல. நேத்துகூட ரெண்டு மாடிக்கு ஒரு பீரோவைத் தனியாத்தான் ஏத்துனேன். நீ மனசைக் குழப்பிக்காம கையெழுத்தைப் போடு. - உன் பீரோ)


மார்ச் 30

என் பாப்பாவுக்கு,

உங்கப்பா எழுதியதைப் படித்துச் சிரித்தேன். சாமான் ஏற்றி இறக்கும் கம்பெனியில் எல்லாரும் வைத்த பட்டப்பெயரை எனக்கே கையெழுத்தாகப் போடுகிறார். பீரோவாம். எத்தனை வயசானாலும் அந்தப் பெருமை போகாது.

சட்டை வாங்கிவிட்டேன். வெளிர் சாம்பல் நிறம். வாங்கப்போன கடையில் நானும் நீ எழுதினாயே, அந்தப் பெண் செய்ததையே செய்தேன். நாற்பத்து நாலு என்று சொல்லியும் கடைக்காரருக்கு நம்பிக்கை வரவில்லை. இங்கே எண் வேறு மாதிரியாம். திரும்பிப் பார்த்தேன். பெல்ட் பார்த்துக்கொண்டு ஒருவர் நின்றார். நல்ல அகலமான முதுகு. இவ்வளவு என்று கையைக் காட்டினேன். அவர் போன பிறகும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேனாம். டிரைவர் வந்து கூப்பிட்ட பிறகுதான் தெரிந்தது.

பாப்பா, மனசு விட்டுக் கேட்கிறேன். போன வாரம் அப்பா இருமினார். ஒன்றுமில்லை, தூசு என்றார். குரல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் குரலை வைத்து நான் என்ன தெரிந்துகொள்வது? அந்த மனுஷன் காய்ச்சலில் கிடந்தாலும் அதே குரலில்தான் பேசுவார். சட்டை வந்ததும் போடச் சொல்லி ஒரு படம் எடுத்து அனுப்பு. வீட்டம்மா மே முதல் வாரத்துக்குள் பதில் கேட்டிருக்கிறார். படத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொல்லப்போகிறேன்.

நீயும் ஒரு வார்த்தை எழுது. நான் வரட்டுமா, இருக்கட்டுமா? இரு என்றால் இரண்டு எழுத்து. வா என்றால் ஒரே எழுத்து. பேசத்தான் உனக்குக் கூச்சம். ஒரு எழுத்து எழுத என்ன கூச்சம்?

அம்மா


ஏப்ரல் 19

அன்புள்ள அம்மாவுக்கு,

டிரைவரின் தம்பி சட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். ரொம்ப அழகாக இருக்கிறது. துணியும் நல்ல துணி. காலர் உள்பக்கம் தைத்திருக்கும் விதம் எங்கள் கடைச் சட்டைகளில் இல்லை.

இதோடு படம் வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டு அக்காவின் போனில் எடுத்து, கடைக்கு எதிரே இருக்கும் ஸ்டுடியோவில் கொடுத்து அச்சுப் போட்டது. வெயில் பின்னால் இருந்ததால் முகம் கொஞ்சம் இருட்டாக விழுந்துவிட்டது. அப்பாதான் அங்கே நின்று எடுக்கச் சொன்னார்.

அப்பா இருக்கச் சொல்கிறார்.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. கடையில் இருந்து வந்து சமையல் செய்ய வேண்டும். அதனால் இத்துடன் முடிக்கிறேன். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

உன் பாப்பா


மே 8

என் தங்கத்துக்கு,

படம் வந்தது. வந்த அன்றிலிருந்து தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

நான் எதையெதையோ நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன். என்ன மனுஷன் பார், பொண்டாட்டி ஊரில் இல்லை என்றதும் உடம்பை ஏற்றி வைத்திருக்கிறார். கன்னம் இரண்டும் உப்பிக்கொண்டு நிற்கிறது. வயிற்றில் பொத்தான் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது, இப்போதோ அப்போதோ தெறித்துவிடும் போல. நாற்பத்து நாலு போதவில்லை என்று நீ ஏன் எழுதவில்லை? அப்பா கோபித்துக்கொள்வார் என்றா? ஆண்களுக்கு உடம்பு கூடிவிட்டது என்று சொன்னால் பிடிக்காதுதான். பெரியம்மாவிடம் படத்தைக் காட்டினேன். அவர்கூட விரலை வைத்து வயிற்றைத் தட்டிச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

உன் சமையல்தான் காரணம். பள்ளிக்கூடத்தை விட்டது அப்பாவைக் கவனித்துக்கொள்ளத்தானோ என்று இப்போது தோன்றுகிறது. நீ சொல்லமாட்டாய். எனக்குத் தெரியும்.

அடுத்த நாளே வீட்டம்மாவிடம் சரி என்று சொல்லிவிட்டேன். காகிதத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று. பாஸ்போர்ட்டை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டார். எல்லாருக்கும் அப்படித்தான் செய்வார்களாம். இரண்டு வருஷம் கண்ணை மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். நீ பரீட்சை எழுதி முடித்திருப்பாய்.

அப்பாவுக்கு நாற்பத்தாறு அளவில் இரண்டு சட்டை எடுத்திருக்கிறேன். யாராவது வரும்போது கொடுத்தனுப்புகிறேன். வயிற்றைக் குறைக்கச் சொல் என்று எழுதலாம் என்று பார்த்தேன். வேண்டாம். இருக்கட்டும். நன்றாக இருக்கட்டும்.

நிம்மதியாக இருக்கும்
அம்மா


ஜூன் 2

அம்மா,

நாற்பத்தாறு சைஸ் சட்டை இரண்டும் நேற்று வந்தன.

இந்தக் கடிதத்தை எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. நீ உட்கார்ந்துகொண்டு படி. பெரியம்மாவைத் தூக்கும் நேரத்தில் படிக்காதே.

அப்பாவுக்கு வயிற்றில் கட்டி. ஜனவரியிலிருந்தே வலி இருந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. நான் தோள் தையலைப் பற்றி உனக்கு எழுதியபோது நிஜமாகவே துணி இளகிவிட்டது என்றுதான் நினைத்தேன். உன் கடிதத்தைப் படித்துக் காட்டிய அன்றைக்குத்தான் அப்பா சொன்னார். கம்பெனிக்குப் போவதை அதற்கு முன்பே விட்டுவிட்டாராம். காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு போனதெல்லாம் ஆஸ்பத்திரிக்கு.

"உங்கம்மாவுக்கு எழுதாத" என்றார்.

"அவ அனுப்புறதுலதான் மருந்தே ஓடுது. வந்து என் பக்கத்துல உக்காந்து அழுதா கட்டி கரைஞ்சிடுமா? சொல்லு."

உனக்கென்றால் ஏதாவது பதில் வந்திருக்கும்.

கட்டியை எடுக்கலாம் என்று டாக்டர் சொல்கிறார். ஆனால் இந்த எடையில் உடம்பு தாங்காதாம். முதலில் எடை ஏற வேண்டும். அதற்கு அவர் சாப்பிட வேண்டும். சாப்பிட்டால் வலிக்கிறது. நான் எதைச் செய்து வைத்தாலும் இரண்டு வாய். பிறகு, "பாப்பா, நீ சாப்பிடு, நான் அப்புறம் சாப்பிடறேன்" என்பார். அந்த அப்புறம் வருவதே இல்லை.

படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீ அனுப்பிய சாம்பல் சட்டையைப் போட்டதும் அது அவர் மேல் நிற்கவில்லை, தொங்கியது. "இப்படி எடுத்து அனுப்பினா நாளைக்கே கிளம்பிடுவா. ஏதாச்சும் பண்ணு. கடையில என்னதான் கத்துக்கிட்ட?" என்றார். கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் பொம்மைகளுக்கு எந்தச் சட்டையைப் போட்டாலும் கச்சிதமாக இருக்கும். காரணம், பின்பக்கம் துணியைச் சேர்த்துப் பிடித்து கிளிப் போட்டிருப்போம். முன்னால் நின்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. நான் கடையில் இருந்து கிளிப் கொண்டுவந்து அப்பாவின் முதுகில் போட்டேன். "இன்னும் இழு, இன்னும் இழு" என்றார். இழுத்தேன். ரொம்ப இழுத்துவிட்டேன். பொத்தான் தெறிப்பதுபோல நீ பார்த்தது அதுதான். இரண்டு கன்னத்துக்குள்ளும் ரொட்டித் துண்டை அடக்கிக்கொண்டார். எடுத்து முடித்ததும் அதைத் துப்பிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன் அம்மா. பக்கத்து வீட்டு அக்காவும் சிரித்தார். அன்றைக்கு வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு.

நீ படத்தைப் பார்த்துக் கொஞ்சம் சந்தேகப்படுவாய் என்று நினைத்தேன். குண்டாகிவிட்டார் என்று நினைப்பாய் என்று நான் நினைக்கவில்லை.

நேற்று நாற்பத்தாறைப் போட்டுக் கண்ணாடி முன்னால் நின்றார். "இதுல நானும் உங்கம்மாவும் ரெண்டு பேருமே நுழைஞ்சுக்கலாம்" என்றார். அதற்குப் பிறகு கட்டிலில் உட்கார்ந்தவர் அந்தச் சட்டையைக் கழற்றவும் இல்லை, படுக்கவும் இல்லை. இன்றைக்கு ஆஸ்பத்திரியில் நிறுத்துப் பார்த்தார்கள். மறுபடியும் குறைந்திருக்கிறது. அடுத்த மாதம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் என் தோளில் சாய்ந்து தூங்கினார். எனக்குத் தோள் வலிக்கவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

நீ ஒரு எழுத்து கேட்டாய். நான் எழுதவில்லை. எழுதத் தெரியாமல் இல்லை. பேனாவை எடுக்கும்போதெல்லாம் அப்பா எதிரில் உட்கார்ந்திருந்தார். இப்போது கடையின் பின்னறையில், பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வா.

உன் பாப்பா


ஜூன் 21

பாப்பா,

உன்னைத் திட்டி எழுதுவேன் என்று நீ பயந்துகொண்டிருப்பாய். இல்லை. உன் வயசில் நானும் உங்கப்பா சொன்னால் செய்துதான் இருப்பேன். அந்த மனுஷன் கேட்டால் யாரால் முடியாது என்று சொல்ல முடியும்?

வீட்டம்மாவிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். பாவம் என்றார். பிறகு, கையெழுத்துப் போட்டு ஒரு மாதம்தானே ஆகிறது என்றார். எனக்குப் பதிலாக ஆள் கிடைத்தால் பார்க்கலாமாம். எப்போது கிடைக்கும் என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார். அடுத்த நாளும் போய்க் கேட்டேன். போனில் பேசிக்கொண்டே கையைக் காட்டி நிறுத்திவிட்டார். மூன்றாம் நாள் கேட்கப் போனபோது பெரியம்மா மணி அடித்துக் கூப்பிட்டுவிட்டார். பாஸ்போர்ட் இருக்கும் அலமாரியைத் தினமும் நான்தான் துடைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை கூப்பிட்டேன். உங்கப்பா எடுத்தார்.

"எப்படி இருக்கீங்க?"

"கல்லு மாதிரி இருக்கேன். ஏன், உனக்கென்ன சந்தேகம்?"

"சட்டை சரியா இருக்கா?"

"ஒண்ணு டைட்டா இருக்கு. இன்னொண்ணு பரவால்ல."

"சரி. அடுத்த தடவ பெரிசாப் பாக்கறேன்."

இவ்வளவுதான் பேசினேன். எனக்குத் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். அவ்வளவு பாடுபட்டு மறைக்கிற மனுஷனிடம் அதையும் பிடுங்கிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. பக்கத்தில் வீட்டம்மா நின்றிருந்தார். அழவும் முடியவில்லை.

மருந்துக்கு வேண்டியதை அனுப்புவேன். அதில் ஒரு நாள்கூடத் தவறாது. அதற்குமேல் இங்கே இருந்து என் கையால் ஆவது ஒன்றுதான். அவருக்குச் சரியாக இருக்கிற ஒரு சட்டை. தோளில் தொங்காமல், உடம்பில் நிற்கிற மாதிரி. ஆஸ்பத்திரியில் நாலு பேருக்கு நடுவில் உட்காரும்போது அவர் அசிங்கப்படக் கூடாது. உன் கடையில் நீயே எடுத்துக் கொடுக்கலாம். எனக்குத் தெரியும். ஆனாலும் நான் வாங்குகிறேன்.

கடைக்குப் போனால் இந்தத் தடவை நான் யாரைக் காட்டுவது என்று தெரியவில்லை. அதனால் கண்ணால் பார்த்துச் சொல்லாதே. நாடா வைத்து அளந்து எழுது. எனக்காகக் கூட்டாதே. அவருக்காகவும் கூட்டாதே.

அம்மா


ஜூலை 3

அன்புள்ள அம்மாவுக்கு,

ஆல்டரேஷன் மாஸ்டரிடம் நாடா கேட்டேன். அவரிடம் நானாகப் போய்ப் பேசியது இதுதான் முதல் தடவை. யாருக்கு என்று கேட்டார். அப்பாவுக்கு என்றேன். எப்படிப் பிடிக்க வேண்டும் என்று பொம்மை மேல் வைத்துக் காட்டினார். கழுத்தில் நாடாவுக்கு உள்ளே ஒரு விரல் விட வேண்டும். மார்பில் அக்குளுக்குக் கீழே, முதுகுப் பக்கம் நாடா இறங்காமல் பார்க்க வேண்டும். இடுப்பில் மூச்சை இழுத்துப் பிடிக்க விடக் கூடாது. இரண்டு நாள் வைத்துக்கொள் என்றார்.

வீட்டுக்குப் போனபோது அப்பா பனியனோடு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். நான் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர்தான் பார்த்தார்.

"என்ன அது? கடையை வீட்டுக்கே கொண்டாந்துட்டியா?"

"அளக்கணும்."

"யாருக்கு?"

"உங்களுக்கு. அம்மா கேட்டா."

ஜன்னலை விட்டு என் பக்கம் திரும்பினார்.

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"வெள்ளிக்கிழமை டைட்டா இருக்குன்னு சொன்னேனே. அப்பவுமா?"

"அப்பவும் தெரியும்."

என்னைத் திட்டவில்லை. எதற்காக எழுதினாய் என்றும் கேட்கவில்லை. "பெரிசாப் பாக்கறேன்னு சொன்னா" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார். பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். கடையில் ஆண்கள் மாஸ்டர் முன்னால் நிற்பது மாதிரியே இரண்டு கையையும் பக்கவாட்டில் தூக்கிக்கொண்டார்.

நான் இதுவரை யாரையும் அளந்ததில்லை. கண்ணால் நான் ஒரு கணக்கு வைத்திருந்தேன். நாடா அதற்கும் உள்ளே போனது. தப்பாகப் பிடித்துவிட்டேனோ என்று மறுபடி பிடித்தேன். மறுபடியும் அதேதான். அவர் மூச்சு என் நெற்றியில் பட்டது. அவர் தூக்கிய கைகள் கீழே இறங்கத் தொடங்கியதும், "முடிஞ்சிடுச்சா, கை வலிக்குது" என்றார். முடியவில்லை, இடுப்பு இருக்கிறது என்றேன். சரி என்று நின்றார்.

கடைக்கு வருகிறவர்கள் இடுப்பை அளக்கும்போது ஒன்றிரண்டு குறைத்துப் போடச் சொல்லி மாஸ்டரிடம் கெஞ்சுவார்கள். அப்பா குனிந்து என் காதருகே, "பாப்பா, எல்லாத்துலயும் ஒரு ரெண்டு கூட்டிப் போடு. அவ பாவம்" என்றார்.

நான் தலையை ஆட்டினேன். பிறகு சமையலறைக்கு வந்து, நாடாவில் பார்த்ததை அப்படியே எழுதினேன்.

கழுத்து பதினாலு.
மார்பு முப்பத்து நாலு.
இடுப்பு இருபத்தெட்டு.

உன் பாப்பா